வெற்றிலை அளவு

மார்கழி 20, சனிக்கிழமை

ராகேஷ் சர்மா ரஷ்யாக்காரர்களோடு வானத்துக்குப் போய் வந்த வருஷம் அது. ஆயுத பூஜை முடிந்த கையோடு எம்.ஜி.ஆரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் இந்திரா காந்தியைச் சுட்டார்கள். கோயம்புத்தூரில் கணபதி பக்கம், வெங்கிடுசாமி முதலாளியின் பட்டறையில் நாங்கள் அந்தப் பந்தைச் செய்தது அந்த வருஷம்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி மயிலாத்தாள் எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்றையும் விடமாட்டாள். அதனால் நான் பேச்சில் சொல்வதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தி எழுதிக்கொள்கிறாள். "உங்க பேச்ச அப்படியே எழுதுனா படிக்கறவிய சிரிப்பாங்க" என்கிறாள். எழுதட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

எழுதச் சொன்னவர் சிவசைலம் சார். நேற்று போன் செய்தார், முப்பத்தெட்டு வருஷம் கழித்து. முதலாளியின் பேரனிடம் நம்பர் வாங்கினாராம். வயது எண்பத்து நாலு. அம்பாசமுத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறதாம், பேச்சுக்கு நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினார். அந்தக் காலத்தில் அவர் ராடார் அதிகாரி.

"தம்பி, நம்ம பந்து கீழ வருது" என்றார். "இன்னும் ரெண்டு மூணு வாரந்தான். காத்துல ஒரசி எரிஞ்சிரும். அதுக்குள்ள அது பொறந்த கதைய எழுதி வச்சிரணும்னு பாக்கேன். ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. தெனம் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லி யாரையாவது எழுதச் சொல்லு. நோட்ட எனக்கு அனுப்பு."

சரிங் சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்கழி 22, திங்கள்

காலையில் ரேஷன் கடை. மெஷினில் என் கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. துடைத்து வைத்தேன், எண்ணெய் தேய்த்து வைத்தேன், இடது கை வைத்தேன். கடைக்காரப் பெண் சலித்துக்கொண்டாள். "தாத்தா, உங்களுக்கு ரேகையே இல்லீங். வழுக்கப் பாறையாட்ட இருக்குது." பிறகு கண்ணைக் காட்டச் சொல்லி ஒரு டப்பாவை முகத்துக்கு நேரே பிடித்தாள். அரிசி கிடைத்தது.

முப்பத்தொரு வருஷம் பஃபிங் போட்ட விரல். துணிச் சக்கரம் சுற்றும், அதில் பாத்திரத்தைப் பிடித்து மெருகேற்ற வேண்டும். பாத்திரத்தோடு சேர்ந்து விரலும் தேயும்.

பட்டறையில் அதுவரை நாங்கள் செய்தது அண்டா, குண்டா, இட்லிச் சட்டி. அலுமினியத் தகட்டை லேத்தில் சுற்றவிட்டு, மர அச்சின்மேல் அமுக்கிக் கிண்ணமாக்குவார் அப்பாவு. அவர் கை அப்படி. அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த வேலை எங்களைத் தேடி வந்தது. கனத்த தகட்டில் இரண்டு அரைக் கிண்ணம். வெல்டர் அந்தோணி இரண்டையும் ஒட்டினார். ஒட்டுத் தழும்பை அராவி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றியது நான். இளநீரைவிடப் பெரிது, பரங்கிக்காயைவிடச் சிறிது. நாற்பத்தொரு நாள் அது என் மடியில் கிடந்தது. கடைசியில் அதில் முகம் பார்க்கலாம் என்று ஆயிற்று. எங்கே பார்த்தாலும் முகம் புளியங்கொட்டை அளவு தெரியும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே புளியங்கொட்டை.

மார்கழி 23, செவ்வாய்

பனி. மயிலாத்தாளுக்கு முழங்கால் வலி, ஒத்தடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம்.

சிவசைலம் சார் அளவு பார்க்க வந்த நாளைச் சொல்கிறேன். மெலிந்த மனுஷர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பந்தைத் தூக்கினார். முப்பத்தாறு இடத்தில் அளந்தார். காலையில் ஆரம்பித்தவர் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்.

"இதுக்குள்ள என்னங் சார் வெப்பீங்க?" என்று அப்பாவு கேட்டார்.

"ஒண்ணும் வைக்க மாட்டோம்."

"பேட்டரி?"

"கெடையாது."

"ஒயரு, கியரு?"

"ஒண்ணுங் கெடையாது. ராக்கெட்டுல மேல போய், சும்மா பூமியச் சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கூட்டு மச்சானாட்டமுங்."

சாரும் சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஐந்தாறு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "கடையில தராசு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீய? எடை தெரிஞ்ச கல்லப் போட்டுப் பாப்பீய. ராடாரும் ஒரு தராசுதான். வானத்துல போறது எம்புட்டுப் பெருசுன்னு நிறுக்கும். அந்தத் தராச சரி பாக்க ஒரு எடைக்கல்லு வேணும். இதான் அந்தக் கல்லு. எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் ஒரே அளவாத் தெரியணும். அதுக்குத்தான் பந்து. கல்லு தப்பாப் போச்சுன்னா தராசு சொல்லுததெல்லாம் தப்பாப் போயிரும்."

அளவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, பந்தைப் பஞ்சுத் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து மூடினார். இனி யாரும் தொடக்கூடாது என்றார். வண்டி வந்து எடுத்துப் போகும்வரை பெட்டி முதலாளி அறையில் இருந்தது.

மார்கழி 27, சனிக்கிழமை

அந்த வருஷ ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, லேத்துக்கு, வெல்டிங் செட்டுக்கு, சுத்தியலுக்கு, முறத்துக்கு, துடைப்பத்துக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூசணிக்காய் உடைத்தார் முதலாளி. பொரி கடலை பங்கு வைத்தோம். ஒருமுறை பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் மறுபூஜை முடிகிறவரைக்கும் எந்தக் கருவியையும் யாரும் தொட மாட்டோம். அந்த வருஷம் மறுபூஜையை முதலாளி அவர் வீட்டிலேயே முடித்துக்கொண்டார். பட்டறையை மூன்றாம் நாள்தான் திறந்தார்கள்.

பெட்டியை யாரும் திறக்கவில்லை.

மார்கழி 29, போகி

பழைய பாயை எரித்தோம்.

மத்தியானம் சார் போன். நோட்டு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். பத்துப் பக்கம் என்றேன். சந்தோஷப்பட்டார். பிறகு அவராகவே சொன்னார்.

"பந்து மேல பிரமாதமாத்தான் போச்சு, தம்பி. கோளாறு என் ராடார்ல. பதினோரு நொடிக்கு ஒருக்கா பந்து ஒரு மினுக்கு மினுக்குதுன்னு காட்டிச்சு. பந்து எப்படி மினுக்கும்? நாந்தான அளந்தேன், முப்பத்தாறு எடத்துல! அதான் உங்க பட்டறைக்கு வந்து விசாரிச்சேன், ஞாபகம் இருக்கா? டீக்கடையில வச்சு ஒங்கிட்டத் தனியாக் கேட்டேன். ஒண்ணும் ஆகலன்னுட்ட. அப்பறம் என்ன சந்தேகம்? ராடார்லதான் கோளாறுன்னு நானே எழுதிக் குடுத்தேன். மூணு வருசம் கழட்டிக் கழட்டி மாட்டுனேன். கண்டுபிடிக்க முடியல. கடைசியில என்னய அந்தப் பக்கமே விடல. பைல் பாக்கப் போட்டுட்டாங்க. ரிட்டயர் ஆகுத வரைக்கும் பைலுதான்."

இருமினார். "அந்த நோட்டெல்லாம் இன்னும் வச்சிருக்கேன். ராத்திரி தூக்கம் வரலன்னா எடுத்துப் பாப்பேன். எங்கன தப்பு விட்டேன்னு."

பொங்கலுக்குக் கரும்பு வாங்கியாச்சா என்று கேட்டேன்.

தை 1

பொங்கல் பொங்கியது. எழுத ஒன்றுமில்லை.

தை 5, சனிக்கிழமை

இன்று மயிலாத்தாள் பேனாவை எடுக்கும் முன்பே கேட்டாள். "ஏனுங்க, நாலு நாளா நோட்டத் தொடவே மாட்டீங்கறீங்க. சோறும் எறங்க மாட்டீங்குது. அந்தப் பொட்டி சமாச்சாரத்த எழுதறப்பவே பாத்தன். 'யாரும் தொறக்கல'ன்னு நானா கேட்டன்? நீங்களாத்தான சொன்னீங்க."

நாற்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவள்.

சரி. எழுது.

பெட்டியைத் திறந்தார்கள். பூஜை அன்று சாயங்காலம் முதலாளி எல்லோருக்கும் துணி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் முதலாளி அறைக்குள் ஒருவன் போனான். துடைப்பத்துக்கே பொட்டு வைக்கிற நாளில், வானத்துக்குப் போகப்போகிற ஒன்றை வெறும் நெற்றியோடு பெட்டிக்குள் போட்டு வைப்பதா என்று அவனுக்குத் தோன்றியது. நாற்பத்தொரு நாள் மடியில் வைத்திருந்தவனுக்குத் தோன்றும். சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தான். அப்பாவு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்றா, பொட்டு வெச்சுக் கட்டிக்குடுத்து அனுப்பறயா? மாப்பள யாரு, சந்திரனா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

"சிரித்தோம்னு எழுதட்டுங்களா, சிரித்தார்கள்னு எழுதட்டுங்களா?" என்று மயிலாத்தாள் கேட்கிறாள்.

சிரித்தோம் என்றே எழுது.

பொட்டு வைத்ததை மறுபூஜைக்கு முன் துடைக்க மாட்டோம் என்று சொன்னேனே. அதோடு மூடி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பெட்டியைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் போயிற்று. அடியில் வெள்ளையாக ஒரு தழும்பு. விரலால் தடவினால் அம்மைத் தழும்பு மாதிரி சொரசொரப்பு. அலுமினியத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. பாத்திரக்காரன் எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் குங்குமத்தைப் பார்த்தால் குங்குமம் என்றுதான் நினைப்போம். அதற்குள் சுண்ணாம்பு இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்?

பஃபில் பிடித்தேன். போகவில்லை. எமரி போட்டேன், பிறகு பஃபில் பிடித்தேன். தழும்பு போக, சுற்றிலும் இறக்க வேண்டியதாயிற்று. கடைசியில் பளபளவென்று ஆயிற்று. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. குனிந்து முகம் பார்த்தேன். புளியங்கொட்டை முகம். மெல்லத் திருப்பினேன். அந்த ஒரு இடத்தில் மட்டும், ஒரு கொழுந்து வெற்றிலை அளவு இடத்தில், என் முகம் பெரிதாகத் தெரிந்தது. உருண்டையில் முகம் பெரிதாகத் தெரிந்தால் அங்கே உருண்டை இல்லை என்று அர்த்தம்.

தை 6, ஞாயிறு

நேற்று அதோடு நின்றுவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் மாரியம்மன் கோயிலுக்கும் பட்டறைக்கும் குங்குமம் அரைத்துக் கொடுத்தது மயிலாத்தாள். மஞ்சளில் எலுமிச்சம்பழச் சாறும் சுண்ணாம்பும் சேர்த்து அவளே நிறம் ஏற்றுவாள். அந்தத் தடவை சுண்ணாம்பு தூக்கலாகப் போய்விட்டது, நெற்றியில் வைத்தால் எரிகிறது என்று கோயிலில் இருந்து திருப்பி அனுப்பினார்கள். வீணாகப் போகக்கூடாது என்று அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனவன் நான்.

நாற்பது வருஷம் அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

இன்று காலையில் சட்டினி அரைத்துக்கொண்டே சொன்னாள். "எழுதறன். ஆனா அந்தக் குங்குமம் நா அரச்சதுன்னும் எழுதுவன்."

"அத வுட்ரு. அது எதுக்கு?"

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமாக்கு? நா எழுதறத எழுதறன்."

தை 7, திங்கள்

பந்து வெற்றிலை அளவு தட்டையானதை முதலாளியிடம் அன்றே சொன்னேன். அப்பாவும் அந்தோணியும் பக்கத்தில் இருந்தார்கள். முதலாளி பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர்த்துவிட்டது அவருக்கு. "அளந்த சீட்டுல கையெழுத்து ஆயிப்போச்சு. இங்க ஒண்ணும் நடக்கல. வெளங்குச்சா? பதினெட்டுக் குடும்பம் இருக்குதப்பா." மத்தியானம் வண்டி வந்தது.

சார் விசாரிக்க வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. எல்லோரும் ஒன்றும் இல்லை என்றார்கள். சாருக்குத் திருப்தி இல்லை. என்னை மட்டும் டீக்கடைக்கு அழைத்துப் போனார். பன் வாங்கிக் கொடுத்தார். "தம்பி, படிச்சவன் நாலு வெதமாப் பேசுவான். நீ எழுத்து தெரியாதவன். ஒனக்குச் சோடிக்கத் தெரியாது. நீ சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன். நான் மூடி வச்சதுக்கப்பறம் அதுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

பன் வாயில் இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன். "ஒண்ணும் ஆகலீங் சார்."

முதுகில் தட்டினார். ஒரு காகிதத்தில் என் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். கரும்பொட்டு மாதிரி விழுந்தது. அப்போதே ரேகை இல்லை.

நாளைக்கு அவருக்கு போன் செய்து சொல்லிவிடுவேன்.

தை 8, செவ்வாய்

செய்யவில்லை.

தை 9, புதன்

காலையில் அவரே செய்துவிட்டார். "விழுந்துட்டு, தம்பி. நேத்து மத்தியானம். பசிபிக் கடலுக்கு மேலயாம். யாரும் பாக்கல." குரலில் ஒரு சாவு வீட்டு அமைதி. "கடைசி நாலு நாளும் அத ராடார்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க நம்ம பயலுக. என்கிட்டப் படிச்ச பய ஒருத்தன் சொன்னான்."

அப்போது சொன்னேன். இந்த நோட்டில் உள்ளதை எல்லாம், நின்றுகொண்டே, நிறுத்தாமல். மயிலாத்தாள் எதிரில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"எம்புட்டுப் பெருசு?"

"கொழுந்து வெத்தல அளவுங் சார்."

"எங்கன? ஒட்டுக்குப் பக்கத்துலயா, உச்சியிலயா?"

"ஒட்டுக்கு நாலு வெரக்கடை மேலீங்."

ஏதோ நோட்டைப் புரட்டுகிற சத்தம். வெகுநேரம்.

"அப்ப அது சரியாத்தான் பாத்திருக்கு" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. "ஒரு வெத்தலய, அம்புட்டு ஒசரத்துல, சரியாப் பாத்திருக்கு. நாந்தான் அத நம்பல." பிறகு என்னிடம் பேசினார். "ஒரு வாரம் முந்திச் சொல்லிருந்தா அந்தப் பயகிட்டச் சொல்லிருப்பேன். கடைசியா ஒரு தடவ மினுக்குதான்னு பாருலேன்னு. இனி எதப் பாக்க? எரிஞ்சு போச்சே. ஏ... நாப்பது வருசம்டே."

வைத்துவிட்டார். அதுவரைக்கும் என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

தை 10, வியாழன்

போன் வரவில்லை. மாத்திரை வாங்கப் போனேன். மழைத் தூறல்.

தை 12, சனிக்கிழமை

சாரின் மகள் செண்பகம் பேசினாள். அப்பாவுக்கு மறுபடி நீர் கோத்துக்கொண்டது, கட்டிலோடு இருக்கிறார், என்னோடு பேசப் பிரியமில்லை என்றாள். மறைக்காமல் சொன்னாள், நல்ல பெண். "ஆனா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க, மாமா. நோட்ட அனுப்பச் சொன்னாங்க. பந்து போயிட்டு, அளக்க முடியாது. ராடார் தப்பு பண்ணலன்னு சொல்ல இனி உங்க வார்த்தை ஒண்ணுதான் இருக்காம். அதத் தெரிஞ்சவங்க யாரு யாரு, இப்ப யாரு இருக்காங்கன்னு பேரோட எழுதணுமாம். அவங்க ஆபீசுக்கு அனுப்பணுமாம், அவங்க கண்ணு மூடுறதுக்குள்ள."

இன்று மத்தியானம் கூரியர் கடை மூடுவதற்குள் இதை முடிக்க வேண்டும். மயிலாத்தாள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கடைக் குங்குமம்.

அந்தப் பந்தில் ஒரு வெற்றிலை அளவு இடம் உருண்டையாக இல்லை என்று அன்றே தெரிந்தவர்கள் நாலு பேர். வெங்கிடுசாமி முதலாளி, கோயம்புத்தூரில் குண்டு வெடித்த வருஷம் மாரடைப்பில் போனார். சாகும் முன் என்னை வரச்சொல்லி, "அந்தச் சமாச்சாரம்" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அந்தோணி அவிநாசி ரோட்டில் லாரி மோதி, சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். அப்பாவு கொரோனாவில். முகம் பார்க்க விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டு வந்தேன். அவர்களில் யாரும் பொட்டு வைக்கவில்லை. யாரும் எமரி போடவில்லை. டீக்கடையில் பன் தின்றுகொண்டு பொய் சொன்னதும் அவர்கள் இல்லை.

மயிலாத்தாள் மை டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்துகிறாள்.

வேண்டாம். இந்தக் கட்டைவிரல் யாருடையது என்று எந்த மெஷினுக்கும் தெரியாது. ஒருமுறை அதை வைத்துத் தப்பித்தேன். பேரை எழுது.

"முழுப் பேருமுங்களா?"

முழுப் பேரும். தெரிந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவன் ஒருவன். கணபதி வெங்கிடுசாமி பட்டறையில் பஃபிங் போட்ட, கருப்பணன் மகன் ஆறுக்குட்டி.